தம்பிக்கு ரிமாண்ட், பிரமுகருக்கு நோட்டீஸ்: இது என்ன சமம்?

வாசகர் கேள்வி: ஐயா, தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் டீக்கடை வைத்திருக்கிறேன். என் தம்பி லோடுமேன். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கம்பி காணாமல் போனது என்று சொல்லி அவனைப் பிடித்து ரிமாண்ட் செய்துவிட்டார்கள். பத்து நாளில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொத்து உள்ள இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து மாவட்டத்திலிருந்து எங்கள் மச்சான் வந்து நின்றார். வெளியூர்க்காரர் என்று ஏற்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் கிளைச்சிறையில் கிடந்தான். இதே ஊரில் முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவர் மீது 2016-லிருந்து நில அபகரிப்பு வழக்கு இருக்கிறது. புகார் கொடுத்தது என் தாய்மாமா. அந்த முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு நோட்டீஸ் அனுப்பி, உட்கார வைத்து விசாரித்தார்கள். முன்ஜாமீன் வாங்கிவிட்டார். ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. கோயில் கொடையில் இன்ஸ்பெக்டரே அவருக்கு நாற்காலி போடுகிறார். அவரையும் என் தம்பி மாதிரி தூக்கி உள்ளே போட்டால்தானே சமம்? பெரிய மனிதர்களுக்கென்று தனியாகக் கடுமையான சட்டம் வேண்டாமா? இதையெல்லாம் அவர் பேரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதலாமா? (பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

வழக்கறிஞர் பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு அநியாயங்கள் இருக்கின்றன. நீங்கள் ஒன்றைப் பார்த்துக் கொதிக்கிறீர்கள். எனக்கு மற்றதைப் பார்த்துத்தான் அதிகக் கோபம் வருகிறது. அதனால் முன்னாள் எம்.எல்.ஏ.வைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு உங்கள் தம்பியிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரணத் திருட்டுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். ஏழு ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுதிவைக்க வேண்டும், அவசியம் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். இது 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது அந்தக் காரணங்களை மாஜிஸ்திரேட்டும் படித்துப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தில் 41-ஏ நோட்டீஸ் என்பார்கள். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3). உங்கள் ஊர்ப் பிரமுகருக்குப் போனதே, அதே நோட்டீஸ்தான். உங்கள் தம்பிக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும்.

பிரமுகர் வழக்கில் போலிப் பத்திரக் குற்றச்சாட்டும் இருந்தால், அதில் ஆயுள் தண்டனைவரை போகிற பிரிவு உண்டு. அதற்கு நோட்டீஸ், கம்பிக்கு ரிமாண்ட்! ஆனாலும் அவரைக் கைது செய்யாததை நான் தவறென்று சொல்ல மாட்டேன். கைது செய்ய அதிகாரம் இருப்பது ஒன்று, செய்வதற்குக் காரணம் இருப்பது வேறொன்று என்று 1994-லேயே ஜோகிந்தர் குமார் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஓடிப்போக மாட்டார், கூப்பிட்டால் வருவார் என்றால் வெளியில் வைத்தே விசாரிக்கலாம். குற்றவியல் சட்டம் எல்லோருக்கும் வைத்திருக்கிற வழி அது. பிரமுகர்கள் அதை வக்கீல் வைத்து வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் தம்பிக்காகக் கேட்க அன்று ரிமாண்ட் கோர்ட்டில் ஆள் இல்லை. ஆகவே அவரையும் தூக்கி உள்ளே போட்டுச் சமமாக்கலாம் என்ற உங்கள் யோசனையை நான் ஏற்கவில்லை. உங்கள் தம்பி அவரைப் போல வெளியில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய சமம்.

அந்த ஜாமீன்தாரர் விஷயம் இதைவிட மோசம். 1978-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கொத்தனார் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மோதிராம் வழக்கு என்று பெயர். ஜாமீன் கொடுக்கச் சொல்லி மேலே உத்தரவாகிவிட்டது. கீழே மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் அண்ணன் தம்பி ஒருவர் வந்து நின்றபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். அப்படியே உங்கள் மச்சான் கதை. நீதிபதி கிருஷ்ண ஐயர் கோபமாகவே எழுதினார்: ஒரு மலையாளியோ கன்னடரோ தமிழரோ தெலுங்கரோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். கொத்தனாரை ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். இத்தனை வருடம் கழித்தும் தாலுகா கோர்ட்டுகளில் வெளியூர் ஜாமீன்தாரரைத் திருப்பி அனுப்புவது நடக்கிறது. 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட்டது: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட்டே தானாகப் பார்க்கலாம், உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது தாமதத்துக்கு ஒரு காரணம், அதைத் தவிர்க்கலாம். ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைக் கைதிகளுக்கு உதவ மத்திய அரசின் திட்டமும் 2023-லிருந்து இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இனி அந்தப் பெரிய மனிதர்.

எழுத்தில் பார்த்தால் நம் சட்டம் அரசியல்வாதிக்குப் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. குடியரசுத் தலைவர் மீதும் ஆளுநர் மீதும் பதவிக்காலத்தில் குற்ற வழக்கு நடத்தக் கூடாது என்று அரசமைப்பின் 361-ம் பிரிவு சொல்கிறது. பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ அந்தக் காப்பு கிடையாது. எம்.எல்.ஏ.வைப் பிடிக்கச் சபாநாயகர் அனுமதி வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், தப்பு. கைது செய்துவிட்டு அவைக்குத் தகவல் சொன்னால் போதும். சபை வளாகத்துக்குள் போய்ப் பிடிப்பதாக இருந்தால்தான் அனுமதி. கூட்டத்தொடருக்கு முன்னும் பின்னும் நாற்பது நாள் கைது கூடாது என்பது சிவில் வழக்குகளுக்கு மட்டும். இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்ததில் நம் ஊர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு. திருச்சி எம்.பி. ஆனந்த நம்பியாரும் புதுக்கோட்டை எம்.பி. உமாநாத்தும் தடுப்புக்காவலில் இருந்தபோது, நாங்கள் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியவர்கள், எங்களை அடைத்துவைக்கக் கூடாது என்று வழக்காடினார்கள். கைது விஷயத்தில் எம்.பி. மற்றக் குடிமகனைவிட ஒரு படி உயர்ந்தவர் அல்ல என்று 1965-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுத்தில் இருந்த ஒரு நிஜமான சலுகை அண்மையில்தான் போனது. பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டுப் போட்ட எம்.பி. மீது லஞ்ச வழக்குப் போட முடியாது என்று 1998-ல் நரசிம்ம ராவ் வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. பணம் வாங்கிச் சொன்னபடி ஓட்டுப் போட்டவருக்குப் பாதுகாப்பு. வாங்கிவிட்டுப் போடாமல் இருந்தவருக்கு வழக்கு. வாக்குத் தவறாத லஞ்சக்காரருக்கு மரியாதை! 2024 மார்ச் 4-ல் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் சேர்ந்து அதை நீக்கினார்கள்.

அப்படியானால் பிரமுகர் எங்கே தப்பிக்கிறார்? வழக்குக் கட்டு யார் கையில் இருக்கிறது என்பதில். புகாரைப் பதிவது, விசாரணை அதிகாரியை மாற்றுவது, அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கொடுப்பது, அரசு வழக்கறிஞரை நியமிப்பது, சாட்சியைத் தயார்ப்படுத்துவது அல்லது கண்டுகொள்ளாமல் விடுவது, கடைசியில் வழக்கையே திரும்பப் பெறுவது: ஒவ்வொன்றும் அரசாங்கத்தின் கையில். அந்த அரசாங்கமே குற்றம் சாட்டப்பட்டவருடையதாகவோ அவர் கூட்டாளியுடையதாகவோ இருந்தால் சட்டப் புத்தகத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. வழக்கு தானாகவே படுத்துவிடும்.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை இதற்காகவே ஒருமுறை உட்கார்ந்து படிக்க வேண்டும். 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை சேர்ந்த சொத்து, குற்றச்சாட்டின்படி 66 கோடி ரூபாய்க்கு மேல். வழக்குப் பதிவு 1996-ல், குற்றப்பத்திரிகை 1997-ல். சென்னையில் விசாரணை ஒழுங்காகத்தான் நடந்தது. 2001-ல் ஆட்சி மாறியது. ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த 76 பேர் குறுக்கு விசாரணைக்கு மறுபடி அழைக்கப்பட்டார்கள்; அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கக்கூடக் கேட்கவில்லை. தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி 2003 நவம்பர் 18-ல் வழக்கை பெங்களூருக்கு மாற்றினார்கள். சட்டம் அதேதான், பிரிவுகளும் அதேதான், சாட்சிகளும் அவர்களேதான். மாறியது, கட்டைக் கையில் வைத்திருந்த அரசாங்கம் ஒன்றுதான்.

அங்கேயும் பதினோரு வருடம் ஆனது. 2014 செப்டம்பர் 27-ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் நூறு கோடி அபராதமும் விதித்தார். பதவியில் இருந்த ஒரு முதலமைச்சர் தண்டனை பெற்று அதனாலேயே பதவி இழந்தது நாட்டில் அதுதான் முதல்முறை. அடுத்து மேல்முறையீடு. அரசுத் தரப்பில் வாதாடியவரை நியமித்தது தமிழ்நாடு அரசு. அதாவது, குற்றவாளி என்று தீர்ப்பான முதல்வரின் கட்சி நடத்திய அரசு! அந்த நியமனம் சட்டப்படி செல்லாது என்று 2015 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டே வாரத்தில், மே 11-ல், கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் கடன்களைக் கூட்டிய கணக்கே தப்பு. பத்தே முக்கால் கோடிக்குக் குறைவாக வர வேண்டியது 24 கோடிக்கு மேல் என்று வந்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி, பெங்களூர்த் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தியது 2017 பிப்ரவரி 14-ல். வாதங்கள் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது 2016 ஜூனில். இடையில் டிசம்பர் 5-ம் தேதி ஜெயலலிதா இறந்துவிட்டார். அவர் மீதான வழக்கு அதோடு முடிந்தது. மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள். வழக்குப் பதிந்ததிலிருந்து இருபது வருடம். நீங்கள் கேட்கிற சமத்துவம் இந்த இருபது வருடத்தில்தான் காணாமல் போகிறது. உங்கள் தம்பிக்கு வழக்கு நடக்கும் முன்பே ஒரு மாதத் தண்டனை முடிந்துவிட்டது.

அதே காலத்துக் கதைகளில் என்னால் மறக்க முடியாதது தர்மபுரி. 2000 பிப்ரவரி 2-ம் தேதி, கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும் கட்சிக்காரர்கள் கோவை வேளாண் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் இறந்தார்கள். அங்கேயும் ஆட்சி மாறியதும் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். வழக்கைச் சேலத்துக்கு மாற்றிய பிறகுதான் தண்டனை வந்தது. மூன்று பேருக்குத் தூக்கு. 2016-ல் அது ஆயுளாகக் குறைந்தது. 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி அவர்களும் விடுதலை ஆனார்கள். அப்போது ஆண்டதும் அதே கட்சி. தண்டனைக் குறைப்பை நான் கொள்கையளவில் எதிர்ப்பவன் அல்லன். ஆனால் உறவினர் யாரும் கோட்டையில் இல்லாத ஆயுள் கைதிகள் எத்தனையோ பேர் அந்த நூற்றாண்டு விழாப் பட்டியலில் இடம்பிடிக்க என்ன பாடுபட்டார்கள் என்பது அவர்களுக்கு மனு எழுதிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

இதை ஒரு கட்சியின் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சில வழக்குகளைத் தாமாக முன்வந்து மறு ஆய்வுக்கு எடுத்தார். க. பொன்முடி விடுதலையான வழக்கு, கே.கே.எஸ்.எஸ்.ஆர். ராமச்சந்திரனும் தங்கம் தென்னரசுவும் விடுவிக்கப்பட்ட வழக்குகள், ஓ. பன்னீர்செல்வம் விடுவிக்கப்பட்ட வழக்கு என்று இரண்டு முகாம்களும் அதில் இருந்தன. அவற்றில் சில பிறகு உச்ச நீதிமன்றம் போயின. யாருடைய குற்றமும் இதனால் நிரூபணம் ஆகிவிடவில்லை. நீதிபதி கவலைப்பட்டது ஒரு பழக்கத்தைப் பற்றி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஒருவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்த அதே லஞ்ச ஒழிப்புத் துறை, அவர் அமைச்சரானதும் மேல்விசாரணை என்று போய், வழக்கில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை கொடுப்பது.

செந்தில்பாலாஜி வழக்கு வேறொரு வழியைக் காட்டியது. போக்குவரத்துத் துறையில் வேலைக்குப் பணம் வாங்கியதாகப் புகார். பணம் கொடுத்தவர்களும் வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்களும் சமரசம் ஆகிவிட்டோம் என்று 2021-ல் மனுப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. வேலை கிடைக்காத இன்னொருவர் விடாமல் உச்ச நீதிமன்றம் போனார். அரசு வேலையை விற்றதாகச் சொல்லப்படும் விவகாரம் இரண்டு பேருக்குள் கைகுலுக்கி முடிக்கிற கடன் தகராறு இல்லை என்று 2022-ல் வழக்கு உயிர்பெற்றது. 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது, 2024 செப்டம்பர் 26-ல் ஜாமீன், மூன்றாம் நாள் மறுபடியும் அமைச்சர். சாட்சிகள் எப்படித் தைரியமாக வருவார்கள் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், பதவியா ஜாமீனா என்று முடிவெடுக்கச் சொன்னது. 2025 ஏப்ரலில் விலகினார். அவர் குற்றவாளியா என்பதை விசாரணை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் இங்கே பார்ப்பது, அந்தச் சமரசத்தை ஏற்காத அந்த ஒருவரை. உங்கள் மாமாவுக்கும் அப்படி ஒரு சமரசப் பேச்சு வரலாம். வந்தால் கையெழுத்துப் போடும் முன் யாரிடமாவது காட்டுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி: பெரியவர்களுக்குத் தனிக் கடும் சட்டம் வேண்டாமா?

பதவிக்குரிய நிபந்தனைகள் கடுமையாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இரண்டு ஆண்டு தண்டனை பெற்றால் எம்.எல்.ஏ. பதவி போகும், முன்பு மேல்முறையீடு செய்தால் பதவியில் தொடரலாம் என்று ஒரு சலுகை இருந்தது, அதை 2013-ல் லில்லி தாமஸ் வழக்கில் அடித்துவிட்டார்கள். நல்லது. ஆனால் விசாரிக்கிற முறையிலேயே ஒருவருக்கென்று தனி வழி வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். இதற்கு அந்துலே வழக்கைத்தான் சொல்வேன். மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்தபோது சிமென்ட் ஒதுக்கீட்டுக்கு ஈடாகத் தன் அறக்கட்டளைகளுக்கு நன்கொடை வாங்கினார் என்று குற்றச்சாட்டு. 1982-ல் பதவி விலகினார். வழக்கு சீக்கிரம் முடியட்டும் என்று 1984-ல் உச்ச நீதிமன்றமே அதைத் தனி நீதிமன்றத்திலிருந்து எடுத்து நேராக உயர் நீதிமன்றத்திடம் கொடுத்தது. நாடே கைதட்டியது. நான்கு வருடம் கழித்து ஏழு நீதிபதிகள் அமர்வில் பெரும்பான்மையோர், நாங்கள் செய்தது தவறு என்று அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். ஊழல் குற்றம் சாட்டப்பட்ட மற்றவர்களுக்கெல்லாம் சிறப்பு நீதிபதி, அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் அப்பீல்; இவருக்கு மட்டும் ஒரு படி குறைவு. அது சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற அரசமைப்பின் 14-ம் பிரிவுக்கு விரோதம். முதலமைச்சராக இருந்தவர் என்பதற்காகக் கூடுதல் சலுகை கிடையாது என்கிற அதே வரி, அதற்காக உரிமையைக் குறைக்கவும் கூடாது என்கிறது.

எதிர்க்கட்சிக்காரர் கையில் விலங்கு விழும்போது நமக்கு இது மறந்துபோகிறது. 2023 மார்ச் 23-ல் சூரத் கோர்ட் ராகுல் காந்திக்கு அவதூறு வழக்கில் இரண்டு ஆண்டு விதித்தது. அவதூறுக்கு அதுதான் உச்சபட்சம். ஒரு நாள் குறைந்திருந்தாலும் பதவி போயிருக்காது. மறுநாளே எம்.பி. பதவி போனது. உச்சபட்சத் தண்டனைக்குக் காரணமே எழுதவில்லையே என்று கேட்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனைத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அவதூறு வழக்கில் இவ்வளவு வேகத்தில் உச்சபட்சத் தண்டனை வாங்கிய சாதாரண ஆளை நான் பார்த்ததில்லை.

2025 ஆகஸ்ட் 20-ல் மக்களவையில் வந்த 130-வது அரசமைப்புத் திருத்த மசோதாவையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றச்சாட்டில் தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருந்தால் பிரதமர், முதலமைச்சர், அமைச்சர் பதவி போய்விடும் என்பது அதன் சாரம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் கைதட்டக்கூடும். ஆனால் யார் கைது செய்வது? தீர்ப்பு இல்லை, சாட்சி விசாரணை இல்லை, குற்றச்சாட்டுக்கூடப் பதிவாகியிருக்காது. முப்பது நாள் ஜாமீன் கிடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வெளியே வர முடியாமல் முப்பது நாள் போவது எவ்வளவு சுலபம் என்று உங்கள் தம்பியைக் கேளுங்கள். பிரதமரைக் கைது செய்கிற துணிச்சல் அவருக்குக் கீழேயே வேலை பார்க்கிற அமைப்புக்கு வரும் என்று நம்புகிறவர்கள் அந்த மசோதாவை ஆதரிக்கட்டும்.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி உள்ளே இருந்த சமயத்தில் தேர்தல் வந்திருந்தால் ஓட்டுப் போட முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)-வது பிரிவு தடுக்கிறது. விசாரணைக் கைதியாக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் தேர்தலில் நிற்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் திகார் சிறையிலிருந்து ரஷீத் பாராமுல்லாவிலும், திப்ருகர் சிறையிலிருந்து அம்ரித்பால் சிங் காதூர் சாஹிபிலும் ஜெயித்தார்கள். ஓட்டு உரிமை இல்லை, வேட்பாளர் உரிமை உண்டு. நிற்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. தீர்ப்பாகாத ஏழையின் ஓட்டை ஏன் பறிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஃபேஸ்புக்: பெயர் போட்டு ‘நிலத் திருடன்’ என்று எழுதாதீர்கள். அவதூறு வழக்கில் உங்களை இழுத்தடிப்பது அவருக்கு மிக எளிது. வழக்கு எண், எந்த நீதிமன்றம், எந்தப் பிரிவு, எத்தனை வாய்தா போயிருக்கிறது என்று பதிவேட்டில் இருப்பதை மட்டும், தீர்ப்பு வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவர் மறுபடி தேர்தலில் நின்றால் தன் மீதுள்ள வழக்குகளை வேட்புமனுவோடு தருகிற படிவம் 26-ல் அவரே எழுத வேண்டும். செய்தித்தாளிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமும் செய்ய வேண்டும். அந்தப் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்திலிருந்து எடுத்துப் பகிர்ந்தால் உங்கள் மீது யாரும் கை வைக்க முடியாது.

மாமாவின் வழக்கு: அவர் வெறும் சாட்சி என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தனக்கென்று வக்கீல் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். விடுதலை ஆகிவிட்டால் அரசு அப்பீல் போகாவிட்டாலும் பாதிக்கப்பட்டவர் போகலாம். 2009 கடைசியிலிருந்து அந்த உரிமை உண்டு. வழக்கை அரசு திரும்பப் பெறப் பார்த்தால், இந்நாள் அல்லது முன்னாள் எம்.பி., எம்.எல்.ஏ. மீதான வழக்கை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக் கூடாது என்று 2021 ஆகஸ்ட் 10-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதைக் காட்டுங்கள். பாதிக்கப்பட்டவரைக் கேட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும் என்று புதிய பி.என்.எஸ்.எஸ். 360-ம் பிரிவும் சொல்கிறது. உங்கள் வழக்கு பழைய சட்டக் காலத்தது என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம், ஆட்சேபிக்கட்டும், வாதாடலாம்.

முதலில் இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக இருக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, இல்லை டிஸ்சார்ஜ் மனுவிலேயே (சாட்சி விசாரணைக்கு முன்பே விடுவிக்கக் கேட்கும் மனு) தொங்குகிறதா என்பது முக்கியம். பதவியில் இருக்கும் எம்.பி., எம்.எல்.ஏ. வழக்குகளைக் குற்றச்சாட்டு பதிவான நாளிலிருந்து ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று 2014-ல் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு இந்த மாதிரி ஆட்கள் குற்றச்சாட்டே பதிவாகாமல் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு அந்த ஓராண்டுக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இத்தகைய வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் தாமாகவே கண்காணிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் மனு வருடக்கணக்கில் கிடந்தால், விசாரணையை விரைவுபடுத்தக் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மாமா மனுப் போடலாம்.

தம்பி வாய்தா எதையும் தவறவிடக் கூடாது. ஒரு முறை வராமல் போய் வாரண்ட் ஆகிவிட்டால் இந்த முறை ஜாமீன் இன்னும் கஷ்டம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தொலைபேசி 15100. போகும்போது எஃப்.ஐ.ஆர். நகலோடு ரிமாண்ட் ரிப்போர்ட், ஜாமீன் உத்தரவு, மச்சானை ஏற்கவில்லை என்பதற்கு ஏதாவது காகிதம் இருந்தால் அது, எல்லாம் எடுத்துப் போங்கள். அர்னேஷ் குமார் தீர்ப்பை மீறிக் கைது செய்த அதிகாரி மீது துறை நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் எடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ரிமாண்ட் ரிப்போர்ட்டில் கைதுக்குக் காரணம் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கு அனுப்புங்கள். அதைப் படித்த பிறகு அந்த மனு போடத் தகுமா என்று சொல்கிறேன்.